சுளகு பிடித்த கையும் கலர் சோட்டரும்: ரீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: பரந்தனில் சின்ன அரிசி ஆலை வைத்திருக்கிறேன். ஒன்பது பெண்கள் அன்றாடச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். புடைப்பது, கல்லும் கறுத்த மணியும் பொறுக்குவது, பொதி கட்டுவது எல்லாம் அவர்கள்தான். வருகிற காலபோக அறுவடைக்கு முன், அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோட்டர் ஒன்று போடப் போகிறேன். விற்கிறவர்கள் இரண்டு நாள் வந்து காட்டித் தருவார்களாம். ஏ.எல். படித்த பெடியன் ஒருவனை எடுத்து மெசினில் விடுவோம் என்கிறான் மகன். இந்தப் பெண்களை நிப்பாட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்களோ “எங்களுக்கு உது விளங்காது ஐயா” என்று பின்னுக்கு நிற்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஆலை உரிமையாளர், பரந்தன்

பதில்: ஐயா, அந்த மெசின் என்ன செய்கிறது என்று மகனோடு இருந்து ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். அரிசி சரிவால் வழிந்து விழும்போது கமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். நிறம் பிழைத்த மணியைக் காற்று ஊதித் தள்ளிவிடும். கமராவின் கூர்மையைக் கூட்டினால் கறுத்த மணியோடு நல்ல மணியும் கழிவுக்குள் போகும். குறைத்தால் கறுப்பு அரிசியோடேயே நின்றுவிடும். மொட்டைக்கறுப்பன் மாதிரிச் சிவப்பரிசி போட்டால் இன்னும் சிக்கல். தீட்டும்போது அரைகுறையாக வெளுத்த மணியையும் பழுதென்று ஊதிவிடக்கூடும். அது பழுதா, தீட்டின வித்தியாசமா என்று ஒரு பிடியைச் சுளகில் போட்டவுடன் சொல்லக்கூடிய ஒன்பது பேர் உங்கள் ஆலைக்குள் இருக்கிறார்கள். பொத்தான் அழுத்த ஒரு கிழமையில் பழகலாம். அந்தக் கண்ணை ஒரு பெடியனுக்குக் கொடுக்க எத்தனை போகம் வேண்டும்?

“விளங்காது” என்ற சொல்லை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். 2011இல், மீளக் குடியேறின பெண்களுக்கு ஒரு தறப்பாள் கொட்டிலில், மோட்டரில் ஓடும் ஜூக்கி தையல் மெசின் பழக்கினேன். எல்லாரும் கால்மெசினில் வருடக்கணக்காகத் தைத்தவர்கள். முதல் நாள் மோட்டர் துணியை இழுத்துக்கொண்டு ஓட, ஒரு அக்கா கையை உதறிவிட்டு எழும்பிப் போய் வாசலில் நின்றார். கால்மெசினில் பாதத்தை ஆட்டிப் பழகின கால் அது. ஜூக்கியில் கால்விரல் நுனியால் மெல்ல அமத்த வேணும், குதியை அமத்தினால் நிற்கும். அடுத்த நாள் நான் நூலே கோக்கவில்லை. கோடு போட்ட கொப்பித் தாளைக் கொடுத்து, கோட்டின் மேல் ஊசியை ஓட்டச் சொன்னேன். பிழைத்தால் தாள்தானே கிழியும். மூன்றாம் நாள் அந்த அக்கா ஒரு தாளைக் கொண்டு வந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஓட்டைகள் கோட்டை விட்டு ஒரு இடமும் விலகவில்லை.

உங்கள் பெண்களுக்கும் அப்படிப் பிழைவிட இடம் வேண்டும். காட்டித்தர வருகிறவர் தானே பொத்தானை அழுத்திக்கொண்டு போக விடாதீர்கள். அவர் சொல்லட்டும், பெண்களின் விரல் அழுத்தட்டும், ஒருவர் அதைப் போனில் வீடியோ எடுக்கட்டும். நல்ல அரிசி வேண்டாம், கறுப்புக் கூடின மலிவு அரிசியைப் போட்டுப் பழக்குங்கள். திரையில் உள்ள இங்கிலீசுக்குப் பக்கத்தில் அவர்களுடைய சொல்லைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். “கூர்மை” என்று சொல்வார்களோ, “கண்டிப்பு” என்று சொல்வார்களோ, அதுதான் பெயர். மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கழிவிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சுளகில் பரப்பி, நூறு மணியில் எத்தனை நல்லது என்று எண்ணி ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கூர்மையை ஏற்றுவதா இறக்குவதா என்பதை அந்தக் கொப்பி சொல்லும். காலையில், காற்று ஊதுவதற்கான கொம்பிரஸரில் தேங்கின தண்ணீரைத் திறந்து விடுவதும், மெசினின் கண்ணாடியைத் துணியால் துடைப்பதும் வீட்டில் விளக்குத் துடைக்கிறவர்களுக்குப் புதுவேலை இல்லை.

இன்னொன்று. நாற்பது தாண்டினவர்களைத் திரைக்கு முன் இருத்த முன்னம் கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கொட்டிலில் எனக்கு “விளங்காது” என்று சொன்னவர்களில் இரண்டு பேருக்கு இருந்தது வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டதும் விளங்கியது.

பயிற்சியை வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு வையுங்கள். ஐந்து மணிக்குப் பிறகென்றால் பிள்ளைகளும் அடுப்பும் உள்ளவர்கள் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று பிறகு நீங்கள் பிழையாக நினைப்பீர்கள். இங்கே முந்தி நடந்த ஒரு பயிற்சிக்கு நானும் போயிருந்தேன். மூன்று நாள் மண்டபத்தில் படம் காட்டி, சாப்பாட்டுப் பார்சலும் சான்றிதழும் கொடுத்தார்கள். மெசினை ஒருவரும் கண்ணால் காணவில்லை. அந்தப் பெண்கள் எல்லாரும் பழைய கூலிவேலைக்கே திரும்பிப் போனதை நினைக்க எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஒன்பது பேருக்கும் அந்த மெசினில் இடமில்லை. அதை அவர்களிடம் முதலே சொல்லிவிடுங்கள். மறைத்தால் பயம்தான் வளரும். மெசினுக்கு மூன்று பேர் பழகினால், ஒருவர் வராத நாளிலும் ஆலை ஓடும். மற்ற ஆறு பேரில் இரண்டு பேரை நெல் வாங்கும் இடத்தில் விடலாம். ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேலே போகாத நெல்தான் உங்களுக்கும் வேண்டும். நெல்லைக் கடித்து, எவ்வளவு காய்ந்தது என்று சத்தத்திலேயே சொல்லும் பெண்கள் நம்மிடம் இருக்கிறார்கள். முதலில் கடித்துத் தங்கள் கணக்கைச் சொல்லட்டும், பிறகு ஈரப்பதன் மீற்றரை வையுங்கள். பத்து நாளில் மீற்றர் அவர்கள் கைக்கு வந்துவிடும். மிச்ச நான்கு பேருக்குச் சின்னப் பைக்கற்றில் அடைத்து ஒட்டும் வேலை இருக்கிறது. மூட்டையாக மட்டும் விற்கிற ஆலையென்றால் அதையும் இந்தப் போகத்தோடு தொடங்குங்கள்.

கேள்வி: புதுக்குடியிருப்பில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறேன். இப்போது வருவதெல்லாம் கொம்பியூட்டர் அளந்து பெற்றோல் விடும் இன்ஜெக்‌ஷன் பைக். கோளாறு காட்டும் ஸ்கேனர் வாங்கிப் பெடியளைப் பழக்கினால், பழகினவன் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுவானே?
– கராஜ் உரிமையாளர்

பதில்: போவான் தம்பி, சிலர் போவார்கள். பழக்காமல் விட்டாலோ பழைய பைக்கின் காபரேற்றர் மட்டும் தெரிந்த நான்கு பேர் உங்களோடு நிற்பார்கள், பைக் அடுத்த கராஜுக்குப் போகும். ஸ்கேனரை மேசை லாச்சியில் பூட்டி வைத்துத் தனியாக நீங்களே பார்க்காதீர்கள். இரண்டு பேரைச் சேர்த்துப் பழக்குங்கள், பழகின மாதமே சம்பளத்தை ஏற்றுங்கள். பெடியள் கராஜை விட்டுப் போவதற்கு நான் கேட்ட காரணங்களில் முதலாவது எப்போதும் சம்பளம் ஏறாததுதான்.

கேள்வி: பதினைந்து வருடமாக மேசன் வேலை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது, அது இடம்பெயர்ந்த காலம். கையில் ஒரு சான்றிதழும் இல்லை. இனிப் போய் வகுப்பில் இருக்க வேணுமா?
– மாங்குளம்

பதில்: வேண்டாம் தம்பி. செய்து பழகின வேலையைப் பரிசீலித்து என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர், ஆர்.பி.எல். என்றும் சொல்வார்கள். நைற்றா என்கிற பயிலுநர் பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்திலோ தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்திலோ கேளுங்கள். மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டி, கேட்கிறதுக்கு வாயால் பதில் சொல்ல வேணும். நான்காம் மட்டம் எடுத்தால் முழுத் தொழிலாளி என்ற தகைமை.

போக முன்னம் நீங்கள் கட்டின வீடுகளுக்குப் போய்ப் படம் எடுங்கள். அத்திவாரம், நிலை வைத்த இடம், தளம் போட்டது எல்லாம். வீட்டுக்காரரிடம் எந்த வருடம் என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு கடிதம் வாங்குங்கள். அளவு வாசிப்பதும் கலவைக் கணக்கும் உங்களுக்கு மனதில் இருக்கும். அதை வாயால் சொல்லிப் பழகுங்கள், கையால் செய்கிறவர்கள் அந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். இரவில் பிள்ளையைக் கேள்வி கேட்கச் சொல்லி, நீங்கள் பதில் சொல்லுங்கள்.