எம்6 போதுமா? சின்னப் பட்டறைக்கு எந்த போல்ட் அளவுகளை வாங்கி வைப்பது

கேள்வி: வீட்டிலேயே சின்னப் பட்டறை வைத்துச் சிறு இயந்திரங்கள், தாங்கிகள், பிடிப்பான்கள் செய்து வருகிறேன். பழைய சாமான்களிலிருந்து கழற்றிய போல்ட்டுகள் டப்பா நிறையக் கிடக்கின்றன. வேலை நடுவில் வேண்டிய அளவு மட்டும் கிடைப்பதில்லை. இரண்டு மூன்று அளவுகளோடு நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறேன். ஆர்வலர்கள் பலருக்கும் எம்6தான் (6 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக் போல்ட்) பிடிக்கிறது. சிலர் எம்3 என்கிறார்கள், சிலர் கால் அங்குலம் என்கிறார்கள். எதை எடுப்பது? சாதாரண மரையா, நெருக்கமாக வெட்டிய சன்ன மரையா?

பதில்: எம்3, எம்5, எம்8. மூன்றும் சாதாரண மரையில்.

எம்6 மேல் இத்தனை பேருக்குப் பிரியம் இருப்பது நியாயம்தான். அதன் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலான தூரம், சரியாக 1 மி.மீ. ஒரு சுற்று திருகினால் 1 மி.மீ. நகரும், கால் சுற்றுக்கு 0.25. மேசைக்கு மட்டம் சரிசெய்யும் கால்களுக்கும், ஓரிடத்தில் தடுத்து நிறுத்தும் திருகுகளுக்கும் மனக்கணக்கே போதும். மரை போடுவதற்கான துளைக்கு 5 மி.மீ. டிரில் பிட், அது எந்தப் பெட்டியிலும் இருக்கும். ஒளியியல் ஆய்வுக்கூட மேசைகளில் 25 மி.மீ.க்கு ஒன்றாக எம்6 துளைகள் வரிசைகட்டி நிற்கும்; சர்வர் ரேக்குகளிலும் பெரும்பாலும் எம்6தான். ஒரே ஒரு அளவுதான் அனுமதி என்றால் நானும் எம்6ஐத்தான் எடுப்பேன்.

ஆனால் மூன்று அளவுகள் என்று வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. போல்ட்டில் இழுவையைத் தாங்கும் பரப்பைப் பாருங்கள்: எம்3க்கு சுமார் 5 சதுர மி.மீ., எம்5க்கு 14, எம்8க்கு 37. ஒவ்வொரு படியிலும் பலம் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. எம்5இலிருந்து எம்6க்குப் போனால் 14 என்பது 20 ஆகிறது, அவ்வளவுதான். அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக இன்னொரு டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி), இன்னொரு டிரில் பிட், இன்னொரு சாவி, இன்னொரு டப்பா என்று சேர்த்துக்கொண்டே போவது வீண். பலம் போதுமா என்ற கவலையும் வேண்டாம். 8.8 என்ற பலத் தரம் தலையில் பொறித்த எம்5 போல்ட் ஒன்று நிரந்தரமாக நீள ஆரம்பிக்கவே சுமார் 9,000 நியூட்டன் இழுவை வேண்டும். ஏறத்தாழ 900 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். வீட்டுப் பட்டறையில் போல்ட் அறுவதைவிடத் துளையின் மரை பிய்ந்துகொண்டு வருவதுதான் அதிகம்.

எம்5, எம்6 இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எம்6 மரை போட்ட துளையின் உள்விட்டம் 5 மி.மீ.யை ஒட்டி வரும். எம்5 போல்ட்டின் வெளிவிட்டமும் ஏறத்தாழ அதுவே. அவசரத்தில் மாற்றிப் போட்டால் போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும், லேசாகப் பிடித்ததுபோலக்கூட இருக்கும், கடைசியில் இறுகாது. எம்3, எம்5, எம்8 மூன்றையும் கொட்டிக் கலந்தாலும் கண்ணே பிரித்துவிடும்.

மற்ற சாமான்களும் இந்த மூன்றோடு ஒத்துப்போகின்றன. 608 பேரிங்கின் உள்துளை 8 மி.மீ., 625க்கு 5 மி.மீ.; போல்ட்டையே அச்சாக வைத்துச் சக்கரம் ஓட்டலாம். (துல்லியம் வேண்டிய இடத்தில் மரையில்லாத தண்டுப் பகுதி பேரிங்கில் உட்காரும்படி நீளத்தைத் தேர்ந்தெடுங்கள், மரைமேல் உட்கார்ந்தால் ஆட்டம் இருக்கும்.) 20 மி.மீ. அலுமினியச் சட்டங்களுக்கு எம்5, 40 மி.மீ. சட்டங்களுக்கு எம்8 வழக்கம். முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் பார்க்கும் நேமா 17 ஸ்டெப்பர் மோட்டாரின் முகத்தில் 31 மி.மீ. இடைவெளியில் நான்கு எம்3 துளைகள் இருக்கும். சைக்கிளில் தண்ணீர் பாட்டில் தாங்கி எம்5.

கருவிகளும் குறைவு. மரை போடும் துளைக்கு விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழித்தால் போதும்: எம்3க்கு 2.5, எம்5க்கு 4.2, எம்8க்கு 6.8 (கணக்குப்படி 6.75). போல்ட் தாராளமாக நுழைந்து போகும் துளைக்கு 3.4, 5.5, 9. உருளைத் தலை ஆலன் போல்ட்டுகளையே வாங்கினால் 2.5, 4, 6 என்ற மூன்று சாவிகளோடு வேலை முடிந்தது. குமிழ்த் தலை போல்ட் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதற்குச் சாவி சிறியது, எம்5க்கு 3தான். கொஞ்சம் அழுத்தினாலே குழி உருண்டுவிடும். அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

அலுமினியத்தில் எம்5 மரை போடுவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கை பழக அதுதான் நல்ல அளவு. 4.2 துளை போட்டதும் விளிம்பைப் பெரிய பிட்டால் லேசாகச் சாய்த்துவிடுங்கள். டேப் நேராக உட்காரும். எண்ணெய் விட்டு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னுக்குத் திருப்பும்போது சீவல் ஒடிவது கையில் சின்ன வெட்டாகத் தெரியும். அது தெரிந்த பிறகு அடுத்த அரைச் சுற்று. பிடி கனக்க ஆரம்பித்தால் தம் கட்டாமல் டேப்பை வெளியே எடுத்துத் துடையுங்கள். எம்3 டேப்புக்கு இந்தப் பொறுமை இரட்டிப்பாக வேண்டும்: உள்ளே ஒடிந்தால் அது கெட்டிப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் பிட் அதன்மேல் வேலை செய்யாது.

மரை பிடிக்கும் ஆழம் இரும்பில் விட்டத்தின் அளவுக்கு இருந்தால் போதும். அலுமினியத்தில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு, அதாவது எம்5க்கு 8 முதல் 10 மி.மீ. வேண்டும். 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் எம்5 போட்டால் நான்கு மரைகூடத் தேறாது. அங்கே மரை போடாமல் துளையிட்டு நட்டு மாட்டுங்கள்.

சன்ன மரை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்8 என்று மட்டும் எழுதியிருந்தால் 1.25 பிட்ச் உள்ள சாதாரண மரை என்று பொருள். சன்னமானால் எம்8×1 என்று பிட்ச்சைச் சேர்த்து எழுதுவார்கள். நுணுக்கமாக நகர்த்தும் திருகுகளுக்கும், சுவர் மெல்லிய குழாய்களுக்கும் சன்ன மரை நல்லது. மற்ற எல்லாவற்றுக்கும் சாதாரண மரை: சீக்கிரம் ஏறும், கோணலாகப் பிடித்து மரை கெடுவது குறைவு, கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் மன்னிக்கும்.

அங்குல அளவில் நீங்கள் விடவே முடியாதது கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. கேமராவின் அடியில் இருக்கும் முக்காலித் துளை அதுதான்; பெரிய முக்காலிகளில் 3/8 அங்குலம், 16 மரை. கேமரா வேலை செய்வதானால் தனி டப்பாவில் பத்து போல்ட் வையுங்கள், எம்எம் போல்ட்டுகளோடு கலக்காதீர்கள். குறிப்பாக 10-32 என்ற அமெரிக்க அளவு (10ஆம் எண் விட்டம், அங்குலத்துக்கு 32 மரை) ஏமாற்றும். அதன் விட்டம் 4.83 மி.மீ., பிட்ச் 0.794; எம்5இன் பிட்ச் 0.8. எனவே 10-32 போல்ட் எம்5 நட்டில் கடகடவென்று ஏறிவிடும், ஆனால் மரைகள் முழுதாகக் கடிப்பதில்லை, இறுக்கும்போது பிய்த்துக்கொள்ளும். 1841இல் பிரிட்டனில் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை, 1864இல் அமெரிக்காவில் செல்லர்ஸ் முன்வைத்ததும் இன்றைய எம்எம் மரையும் 60 பாகை. பழைய இயந்திரத்தில் ஒரு நட்டு ஏறியும் ஏறாமலும் படுத்தினால் இந்தக் கோணத்தையும் சந்தேகப்படுங்கள்.

உங்கள் பழைய டப்பாவைப் பிரிக்க ஒரு வழி: அளவு நிச்சயமாகத் தெரிந்த புது போல்ட் ஒன்றை எடுத்து, சந்தேகமான போல்ட்டோடு மரைக்குள் மரை பொருந்தும்படி பக்கவாட்டில் சேர்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பிட்ச் ஒன்றானால் நீளம் முழுவதும் வெளிச்சம் புகாது. வேறானால் சில மரை தள்ளி இடைவெளி தெரியும். 10-32க்கு இது போதாது, வெர்னியரில் விட்டமும் பாருங்கள். எம்5 போல்ட் பெரும்பாலும் 4.9ஐ ஒட்டிக் காட்டும்.

நீளம்: எம்3இல் 8, 12, 20, எம்5இல் 10, 16, 25, 40, எம்8இல் 20, 30, 50. நட்டு போடும் இடத்தில் தகடுகளின் கனம், வாஷர், நட்டு எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு வெளியே இரண்டு மரையாவது தலைநீட்டும்படி நீளத்தை எடுங்கள். நட்டின் கனம் எம்3க்கு 2.4, எம்5க்கு 4.7, எம்8க்கு 6.8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.