அமெரிக்க மேற்கில் ‘பேய் நகரம்’ என்பது என்ன? அந்த ஊர்கள் ஏன் காலியாயின?

ஒரு காலத்தில் பரபரப்பாக இருந்து, பிறகு மக்கள் வீடுகளை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிப்போன ஊரைத்தான் பேய் நகரம் என்கிறார்கள். பேய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இவற்றில் பல, ஒரே தொழிலை நம்பிப் பிறந்த ஊர்கள். கலிபோர்னியாவின் போடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1859-இல் அங்கே தங்கம் கிடைத்தது. 1870-களின் பிற்பகுதியில் வளமான தாது தென்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். ஆனால் அது 8,000 அடிக்கு மேலுள்ள, மரமே இல்லாத மலை, குளிர்காலமோ கொடுமையானது. விறகும் மரமும் கொண்டுவர 1881-இல் தனி ரயில் பாதையே போட்டார்கள் என்றால் பாருங்கள்! அங்கே விவசாயம் செய்து பிழைக்க வழியில்லை. சுரங்கத்தில் வேலை குறைந்ததும் கடை, விடுதி எல்லாம் அடுத்தடுத்து ஆட்டம் கண்டன. திருவிழா முடிந்தால் கடைக்காரர்கள் அடுத்த ஊருக்குப் போவார்கள் இல்லையா, அப்படித்தான் தொழிலாளர்களும் வேறு சுரங்கங்களைத் தேடிப் போனார்கள். எஞ்சிய கட்டடங்கள் 1962-இல் மாநிலப் பூங்காவாயின. மனிதர்கள் விட்டுப்போன மேசை நாற்காலிகள் இன்னும் உள்ளே கிடப்பது மனதைப் பிசையும்.

அப்புறம், தங்கம் தீர்ந்து ஒரே இரவில் ஊர் காலியானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 1880-களில் தொடங்கிய சரிவு பல பத்தாண்டுகள் நீண்டது, கடைசிச் சுரங்கம் மூடப்பட்டது 1942-இல்தான்.