வெளிநாட்டில் நர்சிங் படித்தவர் கனடா மருத்துவமனையில் வேலை தேடுவது எப்படி?

வேலையைத் தேடும் முன் செவிலியராகப் பதிவு செய்யும் வழியைத் தேடுங்கள். கனடாவில் செவிலியர் உரிமம் மாகாணத்துக்கு மாகாணம் தனி, ஒன்டாரியோ என்றால் 'காலேஜ் ஆஃப் நர்ஸஸ் ஆஃப் ஒன்டாரியோ'. பெயரில் காலேஜ் இருந்தாலும் அது கல்லூரி இல்லை, உரிமம் தரும் அமைப்பு. படிப்புக்கான சான்றுகள் எல்லாம் படித்த இடத்திலிருந்தே நேராகப் போக வேண்டும், நாம் கையில் வைத்திருக்கும் நகல் செல்லாது, பலருக்கு மாதக்கணக்கில் இழுப்பது இங்கேதான், அதனால் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே படித்த கல்லூரியின் அலுவலகத்தில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

அப்புறம் என்கிளெக்ஸ் (NCLEX-RN), அதாவது செவிலியர் உரிமத்துக்கான கணினித் தேர்வு. ஐந்து மணி நேரம், 85 முதல் 150 கேள்விகள். நீங்கள் பதில் சொல்வதைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். சென்னையிலேயே எழுதலாம்.

பதிவு நடக்கும்போதே மருத்துவமனைகளின் சொந்த இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள். டொராண்டோவைவிடச் சிற்றூர்களில் ஆள் தேவை அதிகம். ரெஸ்யூமேயில் 'ஐசியூ அனுபவம்' என்று மட்டும் எழுதாமல் எத்தனை படுக்கை, வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்தீர்களா என்று எழுதுங்கள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிநாட்டவரிடம் அப்படிக் கட்டணம் வாங்குவது ஒன்டாரியோவில் சட்டவிரோதம்.