2028 வேட்பாளருக்கு இப்போதே நன்கொடையா? செக் யார் பெயருக்கு என்று பாருங்கள்

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். எனக்கு கிரீன் கார்டு. தம்பி எச்-1பி விசாவில் இருக்கிறான். 2028 அதிபர் தேர்தலில் நிற்கப்போவதாகப் பேசப்படும் ஒருவருக்காக நம் ஊர்க்காரர் ஒருவர் விருந்து ஏற்பாடு செய்கிறார். தலைக்கு 3,500 டாலர். அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். தம்பியின் பணத்தையும் என் பெயரிலேயே போட்டுவிடலாம் என்கிறார். அந்தத் தலைவர் நிஜமாகவே நிற்பாரா? பணம் கொடுத்தால் பின்னால் என் சிட்டிசன்ஷிப்புக்குச் சிக்கல் வருமா?

பதில்: நிற்பாரா என்பது அநேகமாக அவருக்கே இன்னும் தெரியாது. தேர்தல் 2028 நவம்பர் 7. குடியரசுக் கட்சியின் வான்ஸா, ஜனநாயகக் கட்சியின் நியூசமா என்று தொலைக்காட்சியில் பேசிக்கொண்டே இருப்பார்கள். கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நிற்கவில்லை என்று 2025 ஜூலையில் முன்னாள் துணை அதிபர் கமலா ஹாரிஸ் சொன்னதும், அப்படியானால் அதிபர் தேர்தல்தான் என்று கணக்குப் போட்டார்கள். நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலாவா, பாலக்காட்டு வேர் கொண்ட குடியரசுக் கட்சிக்காரர் விவேக் ராமசாமியா என்று தனிப் பட்டிமன்றமே நடக்கும். நடக்கட்டும், பொழுதுபோக்குதானே. நீங்கள் பர்ஸைத் திறக்கும்போது பார்க்க வேண்டியது வேறு: உங்கள் பணம் எந்தக் குழுவின் கணக்குக்குப் போகிறது?

கூட்டாட்சிச் சட்டப்படி, ஒருவர் 5,000 டாலருக்கு மேல் தேர்தலுக்காகத் திரட்டினாலோ செலவழித்தாலோதான் வேட்பாளர் ஆகிறார். அதிலிருந்து 15 நாளுக்குள் தேர்தல் ஆணையத்தில் படிவம் 2, அதாவது வேட்பாளர் அறிவிப்புப் படிவம், கொடுக்க வேண்டும். அதற்கு முன், நிற்கலாமா வேண்டாமா என்று ஆழம் பார்ப்பதற்காக மட்டும் பணம் வாங்கலாம். அப்போது பதிவு தேவையில்லை. ஆனால் நன்கொடை உச்சவரம்பும், யாரிடம் வாங்கக்கூடாது என்ற தடைகளும் அப்போதே பொருந்தும். பதிவு இல்லாத இந்தக் காலம்தான் இடைத்தரகர்களுக்கு அறுவடைக் காலம். "அண்ணன் இன்னும் அறிவிக்கவில்லை, இப்போது கொடுத்தால்தான் நம் பெயர் முதல் பட்டியலில் இருக்கும்" என்பார்கள். அப்படி ஒரு பட்டியலை எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

படிவம் 2 கையில் இருக்கிறதே என்று காட்டினாலும் மயங்காதீர்கள். 2015-ல் ஐயோவாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவன் வேடிக்கைப் பெயரில் அதே படிவத்தைக் கொடுத்தான். வட கரோலினாவில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில் அந்தப் பெயருக்கு 9 சதவீதம் கூட வந்தது. அதிபராவதற்கோ 35 வயது ஆக வேண்டும்!

சரி, செக் யார் பெயருக்கு? தலைவரின் சொந்தத் தேர்தல் குழு என்றால் அவர் கையெழுத்திட்டு அங்கீகரித்தது. அதற்கு 2025-26 காலத்தில் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரம்பு. பி.ஏ.சி. எனப்படும் அரசியல் நிதிக் குழு என்றால் ஆண்டுக்கு 5,000. வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செலவழிக்கும் சூப்பர் பி.ஏ.சி. என்றால் வரம்பே இல்லை. அந்தக் குழுவின் பெயரிலேயே தலைவர் பெயரும் 2028-ம் இருக்கலாம். ஆனாலும் அவருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லாமல் இருக்கலாம். 2015-ல் ஜோ பைடனை நிற்கச் சொல்லி 'டிராஃப்ட் பைடன்' என்ற குழு பணம் திரட்டியது. அக்டோபர் 21 அன்று வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நின்று, தான் போட்டியிடவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அந்தக் குழு மோசடி செய்யவில்லை. ஆனால் செலவான பணம் செலவானதுதான்.

மோசடிக் குழுக்கள் இன்னொரு ரகம். பிரபலமான பெயரைக் காட்டி வசூலித்து, பெரும்பகுதியைத் தங்கள் சம்பளமாகவும், தங்களுக்கு வேண்டியவர்களின் விளம்பரக் கம்பெனிக்குக் கட்டணமாகவும் எடுத்துக்கொள்வார்கள். யாரிடம் புகார் செய்வது என்கிறீர்களா? தேர்தல் ஆணையத்துக்கு ஆறு ஆணையர்கள். நால்வர் சேர்ந்தால்தான் முடிவு. 2025 மே மாதம் அந்த நால்வர்கூட இல்லாமல் ஆணையம் முடங்கிப்போனது. ஆள் இருந்த காலத்திலும் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்து கோப்பை மூடியது எத்தனையோ தடவை. ஆகவே காவல்காரரை நம்பிக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். ஆணையத்தின் இணையதளத்தில் குழுவின் பெயரைத் தட்டினால் படிவம் 1, அதாவது குழுவின் பதிவுப் படிவம், வரும். பொருளாளர் யார், இதுவரை வந்த பணம் எங்கே போனது எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். குழுவின் பெயரைச் சொல்லவே ஏற்பாட்டாளர் இழுத்தடித்தால் விருந்தை மறந்துவிடுங்கள்.

இனி உங்கள் விஷயம். வெளிநாட்டவர் அமெரிக்கத் தேர்தலுக்குப் பணம் கொடுக்கக்கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் கொடுக்கலாம். இதைப் பலர் நம்புவதில்லை, அதனால் அழுத்தியே சொல்கிறேன். ஓட்டுரிமை வேறு, நன்கொடை உரிமை வேறு. உங்களுக்கு முதலாவது இல்லை, இரண்டாவது உண்டு. நன்கொடைப் பக்கத்தில் டிக் செய்யும் இடத்தில் வழக்கமாக "அமெரிக்கக் குடிமகன் அல்லது நிரந்தரக் குடியிருப்பாளர்" என்று சேர்த்தே இருக்கும். அதை டிக் செய்வது பொய் ஆகாது. "குடிமகன்" என்று மட்டும் இருந்தால் தொடாதீர்கள். கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். ஐ-140 (முதலாளி நமக்காகக் கொடுக்கும் கிரீன் கார்டு மனு) அங்கீகாரம் ஆகிவிட்டது, பத்து வருடமாக வரிசையில் நிற்கிறேன் என்றாலும் வரமாட்டார். நியாயமா என்று கேட்டால் எனக்கும் கோபம்தான். சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

தம்பி கொடுக்கவே முடியாது. அவன் பணத்தை உங்கள் பெயரில் போடுவது இரட்டைக் குற்றம்: வெளிநாட்டவர் பணம், அதுவும் இன்னொருவர் பெயரில். "ஒரு 3,500 பிரைமரி எனும் கட்சிக்குள் நடக்கும் தேர்தலுக்கு, இன்னொன்று ஜெனரல் எனும் பொதுத் தேர்தலுக்கு, வரம்பு சரியாக வரும்" என்று ஏற்பாட்டாளர் விளக்குவார். வரம்பு சரியாகத்தான் வரும்; குற்றமும் அப்படியே இருக்கும். எழுத்தாளர் தினேஷ் டிசூசா அமெரிக்கக் குடிமகன்தான். ஒரு செனட் வேட்பாளருக்கு மற்றவர்கள் பெயரில் 20,000 டாலர் கொடுத்ததற்காக 2014-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, எட்டு மாதம் கண்காணிப்பு இல்லத்தில் இருந்தார். 2018-ல் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். உங்களுக்காக அதிபர் யாரும் பேனா எடுக்கமாட்டார். உங்கள் கன்சல்டிங் கம்பெனி கார்டையும் நீட்டாதீர்கள்; சொந்தக் கணக்கு, சொந்தச் சம்பளம்.

சிட்டிசன்ஷிப்புக்கு நன்கொடையால் ஆபத்தில்லை. ஆபத்து விருந்து நடக்கும் ஹாலின் வாசலில் இருக்கும். மேசை போட்டு வாக்காளர் பதிவுப் படிவம் நீட்டுவார்கள். சும்மா ஒரு கையெழுத்துதானே என்பார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்தில் "வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா" என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு 'ஆம்' சொல்ல வேண்டி வந்தால் குடியுரிமை மட்டுமல்ல, கையில் இருக்கும் கார்டும் ஊசலாடும். புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயர், ஊர், வேலை, முதலாளி எல்லாம் பொதுவில் தெரியும். ஆபீஸில் யாராவது கூகுள் செய்யக்கூடும். இணையத்தில் கட்டினால் மாதாமாதம் பிடிக்கும் பெட்டி முன்கூட்டியே டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 2020-ல் அதைக் கவனிக்காமல் வாரக்கணக்கில் பணம் இழந்தவர்கள் ஏராளம்.

ஒருவேளை தம்பி பணத்தை ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், யாருக்கும் எதுவும் எழுதுவதற்கு முன் இந்தச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். பிறகு அவர் மூலமாகவே குழுவின் பொருளாளரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஏற்பாட்டாளரிடம் கேட்டுப் பயனில்லை, கணக்கு அவர் கையில் இல்லை.