பலகையில் துணி ஒட்டுவது: ஓவியர்களின் கேள்விகளுக்குப் பதில்

எங்க ஊர்ல காடாத் துணி மலிவாகக் கிடைக்குது. பிளைவுட்டில் ஒட்டி எண்ணெய் வண்ணம் தீட்டலாமுங்களா? (சோமனூர்)

தாராளமாக. ஆனால் தறிக்குப் போகும் முன்பே பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். அதோடு ஒட்டினால் பசை நூலுக்குள் இறங்காது. பூஞ்சைக்கும் அது நல்ல தீனி. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசி, காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். எண்ணெய் நேரடியாகப் பட்டால் பருத்தி நாளடைவில் நைந்துபோகும். அதனால் ஒட்டி முடித்ததும் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சை இரண்டு, மூன்று கை பூசாமல் எண்ணெய் வண்ணத்தைத் தொட வேண்டாம்.

ஃபெவிகால் போதாதுங்களா? அக்ரிலிக் ஜெல் விலை ஜாஸ்தி. (ஈரோடு)

பயிற்சிப் படத்துக்குப் போதும். மரவேலைக்கான வெள்ளைப் பசைகள் பெரும்பாலும் பாலிவினைல் அசிட்டேட். நன்றாகவே ஒட்டும், ஆனால் ஆண்டுகள் ஆக ஆக அமிலத்தன்மை கூடலாம், சாதா ரகம் ஈரத்தில் இளகும். விற்கப்போகும் படம் என்றால், நீர் கலந்த கெட்டியான அக்ரிலிக் பசையான அந்த ஜெல்தான்.

ஒட்டிய மறுநாளே துணி குமிழ் குமிழாகத் தூக்குகிறது. ஒரு பலகையில் பழுப்புக் கறை வேறு. (பொள்ளாச்சி)

இரண்டும் வேறு வேறு கோளாறு. குமிழுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் ஊர்க் காற்றை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில், துணியை விரிப்பதற்குள் பசையின் மேல் ஆடை கட்டிவிடும். அக்ரிலிக் காய்வது நீர் வெளியேறுவதால்தான். ஆடை கட்டிய இடத்தில் துணி பிடிக்காது. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்துங்கள். பாதிப் பலகைக்கு மட்டும் தாராளமாகப் பசை பூசி, துணியைப் படியவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலரால் தள்ளுங்கள். நெசவின் இடுக்கில் பசை லேசாக எட்டிப்பார்த்தால் சரி. அப்புறம் மறுபாதி. ஏற்கெனவே தூக்கிய இடத்தில், வண்ணம் தீட்டவில்லை என்றால், பட்டர் பேப்பர் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். காய்ந்த அக்ரிலிக் சூட்டில் இளகி மறுபடி பிடிக்கும். அடியில் பசையே இல்லையென்றால் ஊசி சிரிஞ்சில் ஏற்றுவதுதான் வழி.

கறை மரத்திலிருந்து வருவது. ஜெல்லில் உள்ள நீர் மரத்தின் சாயத்தைக் கரைக்கிறது. காயும்போது நீரோடு சேர்ந்து அது மேலே வந்து தங்கிவிடுகிறது. பிளைவுட், எம்டிஎஃப், ஹார்டுபோர்டு எல்லாவற்றிலும் இது உண்டு. பசைக்கு முன்பே நிறமற்ற அக்ரிலிக் மீடியம் இரண்டு கை பூசி, ஒவ்வொன்றையும் நன்றாகக் காயவிடுங்கள். பசை எவ்வளவு ஒசத்தியானாலும் பலகையை இப்படி அடைக்காமல் ஒட்டாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யாரும் கேட்பதில்லை!

பலகை வில்லாக வளைந்துவிட்டது. (கோவை)

ஒரு பக்கம் மட்டும் பூசியிருப்பீர்கள். பின்புறத்துக்கும் அதே பூச்சைக் கொடுங்கள். இரண்டடிக்கு மேல் போனால் பின்னால் ரீப்பர் சட்டம் அடித்துவிடச் சொல்லுங்கள் ஆசாரியிடம்.

மார்கழியில் ஒட்டலாமா? (வால்பாறை)

விடிகாலையில் வேண்டாம். சுமார் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று இணையாது. காய்ந்தது போலத் தெரிந்தாலும் உரிந்து வரும். வெயில் ஏறியபின் அறைக்குள் ஒட்டி, இரவில் பலகையைச் சில்லென்ற தரையில் கிடத்தாமல் மேசைமேல் வையுங்கள்.