என்.ஆர்.ஆர். 33 பிளக்கா, 25 மஃப்பா?

கேள்வி: உலோகம் அறுக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். நாளெல்லாம் ஆங்கிள் கிரைண்டர்தான். மொபைல் செயலியில் பார்த்தால் 97 டெசிபல் காட்டுகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் காதுக்குள் ‘ஙொய்’ என்று கேட்கிறது. அட்டையில் என்.ஆர்.ஆர். (சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற மதிப்பு) 33 என்று போட்ட, காதுக்குள் செருகும் ஃபோம் பிளக் வாங்குவதா, 25 என்று போட்ட, காதை மேலே மூடும் இயர் மஃப் வாங்குவதா? பவர் கண்ணாடி போடுகிறேன்.

பதில்: எதை வாங்குவது என்பதற்கு முன்னால் அந்த ‘ஙொய்’யைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்குத் தாங்கக்கூடியதற்கு மேல் காது வாங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒவ்வொரு உள்காதிலும் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 15,000தான். அவை செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. ‘காலையில் சரியாகிவிடுகிறதே’ என்று விட்டுவிட்டவர்கள் சில வருடம் கழித்துச் செவிப் பரிசோதனைக்கு வருகிறார்கள். ஆடியோகிராமில் (அந்தப் பரிசோதனையின் வரைபடத்தில்) 4,000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சொலிப் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருக்கும். “பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் பிடிபடவில்லை” என்பார்கள். அந்தப் பள்ளத்தை எந்த மருந்தும் நிரப்பாது.

தொழிலாளர் உடல்நலத்துக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் வரம்பு, 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1. உங்கள் 97-க்கு வெறும் அரை மணி நேரம். மொபைல் செயலி சில டெசிபல் முன்னே பின்னே காட்டலாம். அதனால் முடிவு மாறப்போவதில்லை.

சரி, அட்டையில் இருக்கும் எண்ணுக்கு வருவோம். 33 என்று போட்டிருப்பதால் 97 இறங்கி 64 ஆகிவிடாது. அது ஆய்வகத்தில், பிளக்கைச் சரியாகப் பொருத்திக்கொண்டவர்களிடம் அளந்தது. வேலையிடத்துக்கு வந்தால் கழிவு போட வேண்டும். நியோஷ் 1998-இல் சொன்ன கணக்கில் மஃப்புக்கு 25 சதவீதம், ஃபோம் பிளக்குக்கு 50 சதவீதம் கழிவு. அதிலிருந்து இன்னொரு 7 கழிக்க வேண்டும். உங்கள் செயலி போன்ற சாதாரண மீட்டர்கள் அளக்கும் முறையும் அட்டை எண்ணை அளந்த முறையும் வேறு என்பதால் இது. ஆக, 33 போட்ட பிளக் தருவது 9.5 டெசிபல். 25 போட்ட மஃப் தருவது கிட்டத்தட்ட 12. சின்ன எண் ஜெயித்துவிட்டது! பிளக்கைப் பலர் சரியாகச் செருகுவதில்லை, மஃப்பை மாட்டுவதில் அவ்வளவு தவறு நேராது என்பதுதான் இதற்குள் இருக்கும் விஷயம்.

அப்படியானால் மஃப்தானா? உங்கள் கண்ணாடி குறுக்கே வருகிறது. மஃப்பின் மெத்தை காதைச் சுற்றி முழுக்க ஒட்ட வேண்டும். கண்ணாடிக் காம்பு நுழையும் இடத்தில் இடுக்கு விழும். அந்த இடுக்கு போதும், சத்தம் உள்ளே வந்துவிடும். தடித்த காம்பு என்றால் இன்னும் மோசம். அதனால் உங்களுக்கு என் சிபாரிசு ஃபோம் பிளக்தான், ஆனால் முறையாகச் செருகிப் பழகினால் மட்டுமே.

கையைக் கழுவிக்கொள்ளுங்கள்; இரும்புத் தூள் காதுக்குள் போகக் கூடாது. பிளக்கை விரல்களுக்கு நடுவே உருட்டி, மடிப்பு விழாமல் மெல்லிய திரி போல ஆக்குங்கள். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த துளை நேராகும். உடனே செருகி, 30 எண்ணும் வரை விரலால் பிடித்திருங்கள். முக்கால்வாசி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் அது செருகியதாகாது, எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். அப்புறம், கிரைண்டர் ஓடும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் காதை இறுக மூடிப் பாருங்கள். சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை. ஃபோம் எவ்வளவு முயன்றும் நிற்காத சின்னத் துளைக்காரர்களுக்கு, வளையம் வளையமாக இருக்கும் சிலிக்கான் பிளக் நல்லது.

இதையெல்லாம் விட முக்கியம், கழற்றாமல் இருப்பது. நிஜமாகவே 30 டெசிபல் குறைக்கும் பிளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேர ஷிப்டில் சத்தத்துக்கு நடுவே அரை மணி நேரம் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைப்பது 12 டெசிபல்தான். யாராவது கூப்பிட்டால் பிளக்கைப் பிடுங்காமல் சத்தமில்லாத இடத்துக்கு வரச் சொல்லிப் பேசுங்கள்.

சத்தம் 100-ஐத் தாண்டும் வேலைகளில் பிளக்குக்கு மேல் மஃப்பும் போடலாம். இரண்டின் எண்ணையும் கூட்டிவிடாதீர்கள், கூடுதலாகக் கிடைப்பது 5 டெசிபல் அளவுதான். பஞ்சு எதற்கும் உதவாது.

ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். முந்தைய 14 மணி நேரமாவது சத்தத்தில் இருந்திருக்கக் கூடாது. எனவே விடுமுறைக்கு மறுநாள் காலை, பட்டறைக்குப் போகும் முன் எடுப்பது நல்லது. அடுத்தடுத்த வருடங்களில் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் வேண்டும், பத்திரமாக வையுங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே காது மருத்துவரிடம் போய்விடுங்கள்.