கணக்குக் கேள்வி பதில்: 'நிரூபி' என்றால் எங்கே தொடங்குவது?

இந்த முறை முற்றொருமைகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு சின்ன ஏற்பாடு: ஒவ்வொரு இடத்திலும் தீட்டாவை எழுதாமல் சைன், காஸ், டேன், செக் என்று மட்டும் எழுதுகிறேன். நீங்கள் விடைத்தாளில் அப்படி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சார், காஸ் / (1 − சைன்) = (1 + சைன்) / காஸ் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். குறுக்குப் பெருக்கல் செய்தேன், காஸ்² = 1 − சைன்² என்று வந்தது. அது உண்மைதானே, அதோடு முடித்துவிட்டேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. என்ன தப்பு?

கணக்கில் தப்பில்லை, எழுதிய வரிசையில்தான் தப்பு. எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே முதல் வரியாக வைத்துக்கொண்டு அதிலிருந்து ஓர் உண்மையை வரவழைத்திருக்கிறீர்கள். பொய்யிலிருந்தும் உண்மையை வரவழைக்கலாம், சிக்கலே அதுதான். 1 = −1 என்று எழுதி இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்துங்கள், 1 = 1 வரும். அதனால் முதல் வரி சரியாகிவிடுமா?

இது குதர்க்கம், பரீட்சையில் யார் இப்படிக் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றினால் √(1 − சைன்²) = காஸ் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்கப்படுத்தினால் 1 − சைன்² = காஸ்² என்று அழகாக வந்து நிற்கும், 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் 120 பாகையில் இடப்பக்கம் 1/2, வலப்பக்கம் −1/2. குறுங்கோணத்துக்குச் சரியாக இருப்பது எல்லாக் கோணத்துக்கும் சரியில்லை, உங்கள் முறை அதைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது.

ஆனாலும் நீங்கள் போட்ட கணக்கு வீணில்லை. அதை ரஃப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடைத்தாளில் கீழிருந்து மேலாக எழுதுங்கள். காஸ்² = (1 − சைன்)(1 + சைன்) என்பது ஏற்கெனவே தெரிந்த வரி, அதில் தொடங்கி இரண்டு பக்கத்தையும் காஸ் × (1 − சைன்) ஆல் வகுத்தால் கேட்டது அப்படியே வந்துவிடும் (அந்த வகுஎண் பூச்சியம் இல்லை என்பதையும் ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்). பெருக்கலைத் திருப்பினால் வகுத்தல், அதனால் இங்கே பிரச்சினை இல்லை. வர்க்கத்தைத் திருப்பும்போதுதான் கூட்டல் கழித்தல் குறி இரண்டும் வந்து வழிமறிக்கும். சிலர் உங்கள் விடைக்கு முழு மதிப்பெண்ணும் போட்டுவிடுவார்கள், அதை நம்பிப் பழகாதீர்கள்.

கேள்வி: (டேன் + செக் − 1) / (டேன் − செக் + 1) = (1 + சைன்) / காஸ். கைடில் 1-க்குப் பதிலாக செக்² − டேன்² என்று போட்டு மூன்றே வரியில் முடித்துவிடுகிறார்கள். பார்த்தால் புரிகிறது, ஆனால் எனக்கு அது எப்படித் தோன்றும்?

நல்ல கேள்வி. கைடுகள் சொல்லாமல் விடும் இடமே இதுதான். இடப்பக்கத்தை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தோன்றாது. வலப்பக்கத்தைப் பாருங்கள்: (1 + சைன்) / காஸ் என்பதைப் பிரித்தால் செக் + டேன். அப்படியானால் இடப்பக்கத்தில் செக் + டேன் மட்டும் மிஞ்ச வேண்டும், மற்றதெல்லாம் அடிபட்டுப் போக வேண்டும். தொகுதியில் டேன் + செக் ஏற்கெனவே இருக்கிறது, கூட ஒட்டிக்கொண்டிருக்கும் 1 தான் தொல்லை. அந்த 1-க்குள்ளும் செக் + டேன் ஒளிந்திருந்தால் பொதுக் காரணியாக வெளியே எடுத்துவிடலாமே? ஒளிந்திருக்கிறது: 1 = செக்² − டேன்² = (செக் + டேன்)(செக் − டேன்). இப்போது தொகுதி (செக் + டேன்)(1 − செக் + டேன்) ஆகிறது, இரண்டாவது அடைப்புக்குறி அப்படியே பகுதியில் இருக்கிறது, இரண்டும் அடிபடும், முடிந்தது.

சைன், காஸாக மாற்றியும் செய்யலாம். (சைன் + 1 − காஸ்) / (சைன் − 1 + காஸ்) என்று வரும். விடையில் மேலே 1 + சைன் வேண்டும், ஆகவே மேலும் கீழும் அதனாலேயே பெருக்குங்கள். பகுதியை விரித்து சைன்² − 1 என்பதை −காஸ்² என்று மாற்றினால் அது காஸ் (1 + சைன் − காஸ்) ஆகிவிடும். முதல் கேள்வி கேட்டவரும் இதையே செய்திருக்கலாம், அங்கேயும் பெருக்க வேண்டியது 1 + சைன் தான்.

அப்புறம், 'எல்லாவற்றையும் சைன், காஸாக மாற்று' என்று எல்லோரும் சொல்வார்கள். வேறு வழி தெரியாதபோது மாற்றுங்கள், முதல் வேலையாக வேண்டாம். செக்⁴ − டேன்⁴ = 1 + 2டேன்² என்பதை அப்படி மாற்றினால் பின்னங்களில் மாட்டிக்கொள்வீர்கள். வர்க்க வித்தியாசமாகப் பிரித்தால் ஒரு காரணி 1, இன்னொன்று செக்² + டேன்², அதாவது 1 + 2டேன்².

கேள்வி: இடப்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

இல்லை. எந்தப் பக்கம் கசகசவென்று இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள், சுருக்குவது விரிப்பதைவிடச் சுலபம். இரண்டும் ஒரே அளவு மோசமாக இருந்தால் இரண்டையும் தனித்தனியாகச் சுருக்கி ஒரே கோவையில் கொண்டுவந்து நிறுத்தினாலும் சரிதான். தனித்தனியாக என்பது முக்கியம்: இங்கிருந்து ஓர் உறுப்பை அந்தப் பக்கம் கடத்தக் கூடாது.

கேள்வி: 30, 45, 60 பாகைகளைப் போட்டுப் பார்த்தேன், மூன்றுக்கும் சரியாக வந்தது. இது நிரூபணம் ஆகுமா?

ஆகாது. சைன் 12தீட்டா = 0 என்ற 'முற்றொருமை'யில் அந்த மூன்றையும் போடுங்கள், சரியாக வரும், 15-ம் 75-ம் கூட வரும். 10 பாகையில் உடைந்துவிடும். ஆனால் வினாத்தாளில் அச்சுப்பிழையோ என்று சந்தேகம் வந்தால் மதிப்பைப் போட்டுப் பார்ப்பதுபோல நல்ல வழி இல்லை, ஒரே ஒரு மதிப்பில் தவறினாலும் கூற்று பொய். அதற்கு 0, 45, 90 வேண்டாம். 45-இல் சைனும் காஸும் ஒன்றாகிவிடுவதால் இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருந்தாலும் தெரியாது. கால்குலேட்டர் இருந்தால் 20, இல்லாவிட்டால் 30.

மதிப்புப் போட்டே நிரூபிக்கக்கூடிய ஓர் இடம் உண்டு, பல்லுறுப்புக் கோவைகள். ஒரே மாறியில் மூன்றுக்கு மேற்படாத படியுள்ள இரண்டு கோவைகள் நான்கு வெவ்வேறு மதிப்புகளில் ஒத்துப்போனால் அவை எல்லா மதிப்பிலும் ஒன்றே. இல்லையென்றால் அவற்றின் வித்தியாசத்துக்கு நான்கு மூலங்கள் இருக்கும், மூன்றாம் படிக் கோவைக்கு மூன்றுக்கு மேல் மூலங்கள் கிடையாது. இதை எழுதும்போது அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள், வெறும் நான்கு மதிப்புகளைப் போட்டு நிறுத்தினால் மதிப்பெண் கேட்டுச் சண்டை போட முடியாது.